பனிக்கு அடியில் பள்ளம்: ஐலண்ட் பீக் பயணக் குறிப்புகள்

ஞாயிறு, நாம்சே பஜார் (3,440 மீட்டர்)

நேபாளத்தில் எவரெஸ்ட் பக்கத்து ஊரான லுக்லாவிலிருந்து நடந்து நாம்சே வந்து சேர்ந்துவிட்டோம். இந்த வழியைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். தொங்கு பாலங்கள், மணி கட்டிய கோவேறு கழுதைகள், கடைசி ஏற்றத்தில் வாங்கும் மூச்சு எல்லாம் நீங்கள் படித்தவைதான். அதனால் இந்தத் தொடரில் பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன்: பனியாற்றின் (மெல்ல நகரும் ஐஸ் படுகையின்) மேல் நடப்பது, அதில் விழுந்திருக்கும் பிளவுகளைக் கடப்பது.

போகிற மலை ஐலண்ட் பீக், 6,189 மீட்டர். 1983இல் நேபாளத்தில் இதற்கு இம்ஜா ட்சே என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் கடைக்காரர் முதல் சுமைகாரர் வரை எல்லாரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். 1953இல் எவரெஸ்ட் ஏற வந்த பிரிட்டிஷ் குழுவினர் பயிற்சிக்காக முதலில் ஏறியது இதைத்தான். டென்சிங் நோர்கேயும் அப்போது கூட இருந்தார். நேபாள அனுமதிப் பட்டியலில் இது 'ட்ரெக்கிங் பீக்' (நடைப்பயணச் சிகரம்) வகையில் வருகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பனியாற்றில் ஒருமுறைகூடக் கால் வைக்காதவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். உச்சிக்குப் போகும் வழியில் பிளவு நிறைந்த பனியாறு இருக்கிறது, அதற்கு மேல் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய பனிச் சுவர் இருக்கிறது என்பது பலருக்கு மலைக்கு அருகே உள்ள சுக்குங் கிராமத்துக்கு வந்த பிறகுதான் தெரியவருகிறது.

நாங்கள் மூன்று பேர். நான், கல்லூரியிலிருந்து கூடவே மலைக்கு வரும் நண்பன், திருச்சியில் பிசியோதெரபி பார்க்கும் அக்கா. எங்களை மேலே கூட்டிப்போகும் ஷெர்பா அண்ணன் 'தாமே' என்ற கிராமத்துக்காரர். எவரெஸ்டில் பல வருடம் சுமை தூக்கியவர். பாதி ஹிந்தி, பாதி ஆங்கிலம், நடுநடுவே நேபாளி என்று பேசுகிறார். என்னையும் நண்பனையும் 'பாய்' என்றும் அக்காவை 'தீதி' என்றும் கூப்பிடுகிறார்.

இன்று மாலை வாடகைக் கடையில் அவர் ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்ததை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் கட்டும் பட்டையான ஹார்னஸின் தையலை விரலால் நீவிப் பார்த்தார். கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியான காரபைனரின் வாயைத் திறந்து திறந்து மூடினார். ஐஸில் குத்தி நிற்கும் பற்கள் உள்ள கிராம்பான்களை எங்கள் பூட்ஸில் மாட்டி, காலைத் தூக்கிக் குலுக்கச் சொன்னார். லேசாக ஆடியதற்கே அக்காவின் ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைக்காரர் முகம் சுளித்தார். அண்ணன் கண்டுகொள்ளவில்லை.

வியாழன், டிங்போச்சே (4,410 மீட்டர்)

இங்கே இரண்டு இரவு. மேலே போக உடம்பு பழக வேண்டும். பூண்டு சூப், தால் பாத், லேசான தலைவலி. அதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை.

லாட்ஜுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறினால் ஐலண்ட் பீக் தெரிகிறது. லோட்சே சிகரத்தின் பிரம்மாண்டமான தெற்குச் சுவருக்கு முன்னால் தனியாக நிற்கும் கறுப்புப் பாறை, மேலே வெள்ளைத் தொப்பி. இந்தப் பக்கம் வந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு இது பனிக்கடலில் நிற்கும் தீவாகத் தெரிந்ததாம், அப்படி வந்ததுதான் பழைய பெயர்.

அந்த வெள்ளைத் தொப்பியை தூரத்திலிருந்து பார்த்தால் வழவழவென்று அசையாமல் கிடக்கிறது. உண்மையில் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. மேலே விழும் பனி வருடக்கணக்கில் அமுங்கி ஐஸாகி, தன் எடையாலேயே மெல்லக் கீழே வழிகிறது. ஆழத்தில் இருக்கும் ஐஸ் அழுத்தத்தால் இளகி வளைந்துகொடுக்கும். மேலே சுமார் முப்பது, நாற்பது மீட்டர் வரை உள்ள அடுக்கு அப்படி வளையாது, விரிந்து உடையும். சின்ன வயதில் தின்ற கமர்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: சட்டென்று வளைத்தால் பட்டென்று ஒடியும், வெயிலில் வைத்துப் பொறுமையாக இழுத்தால் நீளும். இரண்டு குணமும் ஒரே பொருளுக்கு உண்டு. மேலே ஒடிந்த இடம்தான் பனிப்பிளவு. மலைக்காரர்கள் கிரெவாஸ் என்கிறார்கள்.

பிளவு எங்கே விழும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சரிவு திடீரென்று செங்குத்தாகும் இடத்தில் பனியாற்றுக்குக் குறுக்கே விழும். பள்ளத்தாக்கு அகன்று பனி இரு பக்கமும் பரவும் இடத்தில் நீளவாக்கில் விழும். ஓரங்களில் பாறை பிடித்து நிறுத்த, நடுப்பகுதி மட்டும் வேகமாக நகர்வதால், கரையிலிருந்து மேல் நோக்கிச் சாய்வாக விழும். உச்சிச் சுவரின் காலடியில், பாறையோடு ஒட்டி நிற்கும் பனியிலிருந்து நகரும் பனி பிரிகிற இடத்தில் பெரிய வாய் ஒன்று திறக்கும். அதற்கு பெர்க்‌ஷ்ருண்ட் என்று ஜெர்மன் பெயர். இந்தக் கணக்கு தெரிந்தால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்திலும் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

ஊகம்தான். ஏனென்றால் திறந்து கிடக்கும் பிளவு அவ்வளவாக ஆளை ஏமாற்றாது, சுற்றிக்கொண்டு போய்விடலாம். காற்று அடித்துக்கொண்டு வரும் பனி பிளவின் இரண்டு உதடுகளிலும் படிந்து, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, நடுவில் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். மேலே புதுப் பனி விழுந்தால் அடியில் பள்ளம் இருக்கிற அடையாளமே மறைந்துவிடும். அது பனிப்பாலம். சில பாலங்கள் யாக் மாடு போனாலும் தாங்கும். சில, ஓர் ஆளின் ஒற்றைக் காலைத் தாங்காது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

சனி, கோரக் ஷெப்

இன்று எவரெஸ்ட் அடிவார முகாம் (5,364 மீட்டர்) வரை போய்வந்தோம். வசந்த கால ஏற்றம் உச்சத்தில் இருப்பதால் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கூடாரங்கள், கொடிகள், ஹெலிகாப்டர் சத்தம். எல்லாரும் பெயர்ப் பாறைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஷெர்பா அண்ணன் எங்களைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய் ஒரு மேட்டில் உட்கார வைத்தார். எதிரே கும்பு பனிவீழ்ச்சி.

படத்தில் பார்த்தது எதுவும் உதவவில்லை. மேற்குப் பள்ளத்தாக்கிலிருந்து வழியும் பனியாறு ஒரு பாறை விளிம்பைத் தாண்டிச் சரியும்போது நொறுங்கி, வீடு உயரத்துக்குக் கட்டிகளாகவும் அவற்றுக்கு நடுவே பிளவுகளாகவும் சிதறிக் கிடக்கிறது. இது ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் அளவுக்கு நகர்கிறது. அதாவது நேற்று வைத்த ஏணி இன்று அதே இடத்தில் இருக்காது. ஒரு முனை ஐஸ் உருகி ஆடும், அல்லது பிளவு அகன்று ஏணி எட்டாமல் போகும். அதனால் 'ஐஸ்ஃபால் டாக்டர்கள்' என்று அழைக்கப்படும் ஷெர்பாக்களின் தனிக் குழு ஒன்று சீசன் தொடங்கும் முன்பே வந்து வழி தேடி, ஏணி கட்டி, கயிறு இழுத்து, பிறகு சீசன் முடியும்வரை சரிபார்த்துக்கொண்டே இருக்கிறது. சாகர்மாதா மாசுக் கட்டுப்பாட்டுக் குழு என்ற உள்ளூர் அமைப்பு இவர்களை அமர்த்துகிறது. இந்தப் பக்கமாக ஏறி உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் இவர்கள் கட்டிய ஏணிமேல்தான் நடந்து போகிறார்கள். இவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? எனக்கு இது மனதை அறுக்கிற விஷயம்.

2014 ஏப்ரல் 18 காலையில் எவரெஸ்டின் மேற்குத் தோளில் தொங்கிய பனிக்கட்டி உடைந்து இந்த வழிமேல் விழுந்தது. 16 பேர் இறந்தார்கள். எல்லாரும் நேபாளத்துத் தொழிலாளர்கள். அடுத்த வருடம் வழியை அந்தப் பக்கத்திலிருந்து நடுவுக்கு மாற்றினார்கள். 2023 ஏப்ரலில் மீண்டும் மூன்று ஷெர்பாக்கள் பனி சரிந்து புதைந்தார்கள். வெளிநாட்டு மலையேறி சீசனில் சில முறை இதைக் கடப்பார். சுமை தூக்கும் ஷெர்பா அதைவிடப் பல மடங்கு கடக்க வேண்டியிருக்கும். ஆபத்து யார் பங்கில் அதிகம் விழுகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் கையை நீட்டி, "அதோ அந்த நீலமாகத் தெரிகிற மடிப்புக்குப் பக்கத்தில்" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நாங்களும் கேட்கவில்லை.

இறங்கும்போது அவரே 1953 கதையைச் சொன்னார். இதே பனிவீழ்ச்சியில் ஹிலாரி ஒரு பிளவைத் தாண்டிக் குதித்தபோது கால் பதிந்த விளிம்பு உடைந்து ஆள் உள்ளே போய்விட்டார். பின்னால் கயிற்றில் இருந்த டென்சிங் பனிக்கோடரியை ஊன்றி, கயிற்றை அதில் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஹிலாரி மேலே வந்துசேர்ந்தார். உச்சிக்கு இவரோடுதான் போக வேண்டும் என்று ஹிலாரி முடிவெடுத்ததற்கு அந்த நாள் ஒரு காரணம். "கயிறு தளர்வாக இருந்திருந்தால் இரண்டு பேருமே உள்ளே" என்றார் அண்ணன்.

செவ்வாய், சுக்குங் (4,730 மீட்டர்)

இன்று முழுக்கப் பயிற்சி. உண்மையாகச் சொன்னால் இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த நாள் இதுதான். உச்சி ஏறுவதை மட்டும் நினைத்து வருகிறவர்கள் இந்த ஒரு நாளை மிச்சப்படுத்தப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

முதலில் கயிற்றில் கட்டிக்கொள்வது. நாங்கள் நான்கு பேர் என்பதால் ஆளுக்கு ஆள் ஏறக்குறைய பத்து மீட்டர் இடைவெளி. இரண்டே பேர் போனால் இடைவெளி இதைவிடக் கூடுதலாக இருக்கும், நடுக் கயிற்றில் முடிச்சுகளும் போடுவார்கள். ஒருவர் உள்ளே போனால் அந்த முடிச்சு பிளவின் விளிம்புப் பனியில் சிக்கி, மேலே இருப்பவர்மேல் விழும் இழுப்பைக் குறைக்கும். மிச்சக் கயிறு இரண்டு கோடியிலும் இருப்பவர்களின் தோளில் சுருட்டப்பட்டிருக்கும், மீட்பதற்கு அது வேண்டும்.

அப்புறம் நடை. கயிறு பனியை லேசாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும், குவியக் கூடாது. முன்னால் போகிறவர் நின்றால் நானும் நிற்க வேண்டும், அவர் பக்கத்தில் போய் நின்று பேசக் கூடாது. படம் எடுக்க ஒரே இடத்தில் கூடக் கூடாது, ஏனென்றால் எல்லாரும் ஒரே பாலத்தின்மேல் நின்றுகொண்டிருக்கலாம். பிளவுகள் ஓடும் திசைக்குக் குறுக்கேதான் கயிறு போக வேண்டும், ஒரே பிளவின் நீளத்தில் நான்கு பேரும் வரிசையாக நடந்தால் கயிறு இருந்தும் பயனில்லை. கேட்கும்போது எளிதாக இருக்கிறது. செய்து பாருங்கள். மூச்சு முட்டும்போது, முன்னவர் வேகம் மாறும்போது, திரும்பும்போது கயிறு தானாகத் தளர்கிறது. இரண்டு மீட்டர் தளர்வு என்றால் விழுகிறவர் இரண்டு மீட்டர் வேகம் பிடித்த பிறகுதான் உங்களை இழுப்பார். அந்த இழுப்பில் நிற்கும் ஆளும் சறுக்கிக்கொண்டு விளிம்பை நோக்கிப் போவார். மதியம் வரை அண்ணன் சொன்னது பெரும்பாலும் ஒரே வார்த்தை, ஹிந்தியில் கயிறு: "ரஸ்ஸி, பாய், ரஸ்ஸி!"

விழுந்தால் என்ன செய்வது? மேலே இருப்பவர்கள் உடனே பனியில் படுத்து, கோடரி முனையைக் குத்தி, கால்களை உதைத்து நிறுத்த வேண்டும். நின்றதும் நடுவில் இருப்பவர் பாரத்தைத் தாங்கிக்கொள்ள, பின்னால் இருப்பவர் நங்கூரம் போட வேண்டும். ஐஸ் கெட்டியாக இருந்தால் ஐஸ் ஸ்க்ரூ (ஐஸில் திருகி இறக்கும் உலோகக் குழாய்). மிருதுவான பனி என்றால் பள்ளம் தோண்டிக் கோடரியைக் குறுக்காகப் புதைத்து மிதிக்க வேண்டும். பாரத்தை நங்கூரத்துக்கு மாற்றிய பிறகுதான் யாரும் விளிம்புக்குப் போகலாம், அதுவும் தனியாகக் கட்டிக்கொண்டு. விளிம்பில் கயிறு பனியை அறுத்துக்கொண்டு உள்ளே புதைந்துவிடும், அதற்கு அடியில் கோடரிக் கட்டையோ முதுகுப்பையோ வைக்க வேண்டும். அப்புறம் கயிற்றை இசட் வடிவில் மடக்கி, காரபைனர்கள் வழியாக இழுப்பது. கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு பலம் போதும், ஆனால் உராய்வு அதில் நிறையத் தின்றுவிடுகிறது. ஒரு மொரைன் மேட்டில் (பனியாறு தள்ளிக் குவித்த கல்மேடு) கல் நிரப்பிய சாக்கை இழுத்துப் பார்த்தோம். 4,700 மீட்டரில் மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் நாக்கு தள்ளியது.

அக்காவுக்குத்தான் புருசிக் முதலில் வசப்பட்டது. மெல்லிய கயிற்று வளையத்தைப் பெரிய கயிற்றில் சுற்றி முடிந்தால், பாரம் விழும்போது இறுகும், பாரத்தை எடுத்தால் நகரும். இடுப்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றித் தள்ளி, தொங்குகிறவர் தானே மேலே வந்துவிடலாம். "கையுறையோடு செய்ங்க, தீதி" என்றார் அண்ணன். கையுறையோடு செய்தபோது நேரம் மூன்று மடங்கு ஆனது. உள்ளே இருப்பவருக்கு நேரம்தான் எதிரி என்று அப்போது புரிந்தது. பிளவு கீழே போகப் போகக் குறுகும். வேகமாக விழுந்தவர் இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஆப்பு வைத்த மாதிரி செருகிக்கொள்வார். உடம்புச் சூட்டில் ஐஸ் உருகும், மூச்சு விடும்போது இன்னும் கொஞ்சம் கீழே இறங்குவார், மார்பு அழுந்தும். சூடு வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்.

இரவு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, விழுந்தவர்களைப் பற்றித்தான் பேச்சு. அண்ணபூர்ணாவில் 1950இல் முதன்முதலாக 8,000 மீட்டருக்கு மேலான ஒரு சிகரத்தின் உச்சியைத் தொட்ட இருவரில் ஒருவரான லாச்செனால், ஐந்து வருடம் கழித்து ஆல்ப்ஸில் வாலே பிளான்ஷ் பனியாற்றில் பனிச்சறுக்கில் போகும்போது பிளவில் விழுந்து இறந்தார். அவர் வாழ்ந்த ஷாமோனிக்குப் பக்கத்து இடம் அது. ரைன்ஹோல்ட் மெஸ்னர் 1980 ஆகஸ்டில் எவரெஸ்டைத் தன்னந்தனியாக, ஆக்ஸிஜன் இல்லாமல் ஏறப் புறப்பட்ட இரவிலேயே வடக்குக் கணவாய்க்குக் கீழே பனிப்பாலம் உடைந்து சுமார் 8 மீட்டர் விழுந்தார். நல்லவேளை, ஒரு திட்டில் நின்றார், சுவரோரமாக வழி கண்டு மேலே வந்தார், பிறகு உச்சியும் ஏறினார்.

எனக்கு இன்னும் தூக்கம் வராததற்குக் காரணம் மூன்றாவது ஆள். இத்தாலியர் ரெனாட்டோ கசரோட்டோ. 1986 ஜூலையில் கே2வின் தென்மேற்குத் தூணில் தனியாகப் பல வாரம் போராடி, உச்சிக்குக் கொஞ்சம் கீழே வானிலை பார்த்துத் திரும்பினார். கடினமான இடம் எல்லாவற்றையும் பத்திரமாக இறங்கி முடித்துவிட்டார். அடிவார முகாம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், சமதளமான பனியாற்றில், போகவர நடந்து பழகிய வழியில் பனிப்பாலம் உடைந்து சுமார் 40 மீட்டர் ஆழத்தில் விழுந்தார். அங்கிருந்து ரேடியோவில் முகாமில் இருந்த மனைவியைக் கூப்பிட்டார். ஓடிப் போய் உயிரோடு வெளியே எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இறந்துவிட்டார். அவர் தனியாளாக வந்தவர், கயிற்றின் மறுமுனையில் பிடிக்க யாரும் இல்லை.

நம் நாட்டில் 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகண்டில் திரௌபதி கா டண்டா சிகரத்தில் நடந்ததையும் நண்பன் நினைவுபடுத்தினான். உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் மாணவர்களும் பயிற்றுநர்களும் உச்சிக்கு அருகில் இருந்தபோது பனிச்சரிவு வந்து அவர்களைப் பிளவுக்குள் தள்ளிவிட்டது. 27 உடல்கள் கிடைத்தன, இருவர் கிடைக்கவே இல்லை. அந்த வருடம் மே மாதத்தில்தான் எவரெஸ்டையும் மகாலுவையும் 16 நாட்களுக்குள் ஏறிய சவிதா கன்ஸ்வால் இறந்தவர்களில் ஒருவர். திறமைக்குக் குறைவில்லாத பெண். நண்பன் இதைச் சொல்லி முடித்ததும் அக்கா எழுந்து போய் எங்கள் மூவரின் புருசிக் வளையங்களையும் எடுத்து முடிச்சுகளை மறுபடி பார்த்தார்.

புதன், ஐலண்ட் பீக் அடிவார முகாம் (5,087 மீட்டர்)

சுக்குங்கிலிருந்து மூன்று மணி நேர நடை. பக்கத்தில் மொரைன் மேட்டுக்கு அந்தப் பக்கம் இம்ஜா ஏரி. 1960களில் இங்கே பனியாற்றின்மேல் சின்னச் சின்னக் குட்டைகள்தான் இருந்தன. பனி உருகி உருகி இன்று இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. கரை உடைந்தால் கீழே உள்ள கிராமங்கள் போய்விடும் என்று 2016இல் வாய்க்கால் வெட்டி நீர்மட்டத்தை மூன்று மீட்டருக்கு மேல் இறக்கினார்கள். மேலே எங்கள் வழியிலும் இதே கதைதான். போன வருடம் போன பாதை இந்த வருடம் இல்லை, புதுப் பிளவு திறந்திருக்கிறது என்று நேற்று இறங்கி வந்த வழிகாட்டிகள் சொன்னார்கள்.

இரவு ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டும். குளிரில் பனி இறுகி இருக்கும்போது மேலே போய், வெயில் ஏறி அது இளகும் முன்பே இறங்கிவிடுவதுதான் திட்டம். பாறையைத் தாண்டிப் பனியில் கால் வைக்கும்போதே ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொன்னார். நடக்கும்போது வியர்த்தாலும் பரவாயில்லை, பிளவுக்குள் தொங்கும்போது பையைத் திறந்து ஜாக்கெட் தேட முடியாது.

மாலை ஐந்து மணிக்கே சாப்பாடு. படுக்கிறோம்.

வியாழன் இரவு, மறுபடி சுக்குங்

மூவரும் பத்திரமாக வந்துவிட்டோம். வீட்டில் படிப்பவர்களுக்காக இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பாறை வழி இருட்டில் நான்கு மணி நேரம் எடுத்தது. கிராம்பான் மாட்டும் இடத்தில் கை விரல்கள் உணர்வில்லாமல் போக, பட்டையை இறுக்குவதற்கே வெகு நேரம் ஆனது. கயிற்றில் கட்டிக்கொண்டோம். முதலில் அண்ணன், அடுத்து அக்கா, பிறகு நான், கடைசியில் நண்பன். அண்ணன் ஒவ்வொரு சந்தேகமான இடத்திலும் கம்பை இறக்கிப் பார்த்தார். ஒரே மாதிரி எதிர்ப்போடு இறங்கினால் நடப்பார். பாதியில் சட்டென்று இலகுவாகப் போனால் நின்று வேறு பக்கம் குத்துவார். ஹெட்லைட் வெளிச்சத்தில் பனியின்மேல் லேசான குழிவு, ஒரு மங்கிய நிழல் கோடு, அவ்வளவுதான் தெரியும். அதை அவர் இரண்டு, மூன்று ஆள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்தார்.

விடிகிற நேரத்தில் ஏணி வந்தது. இரண்டு அலுமினிய ஏணிகளை நுனியோடு நுனி வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கீழே வெள்ளை, வெளிர் நீலம், அடர் நீலம், பிறகு கறுப்பு. அடி தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கயிறு, அவற்றில் காரபைனர் மாட்டிக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து, கயிறுகளை இழுத்துப் பிடித்தபடி நடக்க வேண்டும். பின்னால் இருப்பவர் அந்தக் கயிறுகளை விறைப்பாக வைத்திருக்க வேண்டும், அதுதான் கைப்பிடி. கிராம்பானின் முன் பற்கள் ஒரு படிக்கு முன்னாலும் குதிகால் பற்கள் அதற்குப் பின்னால் உள்ள படியிலும் உட்காரும்படி காலை வைக்க வேண்டும். பற்கள் உலோகத்தில் உரசும் சத்தம் பல்லைக் கூச வைத்தது. நடுவில் இணைப்புள்ள இடத்தில் ஏணி தொய்ந்து ஆடியது. பாதத்தைப் பார்க்காமல் முடியாது, பாதத்தைப் பார்த்தால் ஆழமும் தெரியும். அக்கா ஒருமுறைகூட நிற்காமல் கடந்தார். நான் நடுவில் நின்றேன். பின்னாலிருந்து நண்பன், "டேய், கயிறு என் கைல இருக்கு, நீ நட" என்றான். நடந்தேன்.

அதற்கு மேல் பெர்க்‌ஷ்ருண்ட், பிறகு கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் ஜூமார் கருவியைப் போட்டு ஏறும் பனிச் சுவர், கடைசியில் குறுகிய முகடு. உச்சியிலிருந்து எவரெஸ்ட் தெரியாது, லோட்சே மறைத்துவிடுகிறது. மகாலுவும் அமா டப்லமும் தெளிவாகத் தெரிந்தன. அழகுதான். கொஞ்ச நேரம் நின்றோம், இறங்கினோம்.

விஷயம் நடந்தது இறங்கும்போது. ஏணியைத் தாண்டி, பிளவுகள் தெரிகிற பகுதி எல்லாம் முடிந்து, கிராம்பான் கழற்றும் இடம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு. மணி பத்தரை இருக்கும். வெயில் கொளுத்த, பனி கணுக்காலுக்கு மேல் புதைந்தது. இப்போது வரிசை தலைகீழ்: நண்பன் முன்னால், அண்ணன் கடைசியில். காலையில் நாங்களும் எங்களுக்கு முன் போன குழுக்களும் மிதித்த அதே தடத்தில்தான் போனோம். நண்பன் ஓர் அடி வைத்தான், இடது கால் இடுப்பு வரை உள்ளே போய்விட்டது. சத்தமே இல்லை. அவன் முன்னால் கவிழ்ந்து கோடரியைக் குத்தினான். என் இடுப்பில் ஒரு வெட்டு இழுப்பு. நான் எப்போது உட்கார்ந்தேன், எப்போது குதிகாலை ஊன்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. மேலே அக்காவும் அண்ணனும் அதற்குள் படுத்துவிட்டிருந்தார்கள். கயிறு நேர்க்கோடாக நின்றது.

"அசையாதே. மெதுவா படு. உருண்டு வா" என்று அண்ணன் கத்தினார். நண்பன் உடம்பைப் பரத்தி, காலை உருவி, இடப்பக்கமாக உருண்டான். அவன் கால் இருந்த இடத்தில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஓட்டை. அண்ணன் எங்களை நங்கூரமாக இருக்கச் சொல்லிவிட்டு, தவழ்ந்து வந்து கம்பால் சுற்றிலும் குத்தினார். பனி உள்ளே உதிர உதிர ஓட்டை அகலமானது. கீழே இருட்டு. தடத்தின் இரண்டு பக்கமும் பல மீட்டர் நீளத்துக்குப் பிளவு ஓடியது. அன்று அதிகாலையிலிருந்து எத்தனையோ பேர் அதன்மேல் நடந்திருக்கிறார்கள், இரவுக் குளிர் அத்தனை பேரையும் தாங்கியிருக்கிறது.

எங்களுக்கு எதிரே, சற்றுத் தள்ளி, வேறொரு குழுவில் நான்கைந்து பேர் கயிற்றை அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டு பேசிச் சிரித்தபடி இறங்கிக்கொண்டிருந்தார்கள். கஷ்டமான பகுதி முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அண்ணன் கை காட்டி, கத்தி, நிறுத்தினார். அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஓட்டையைப் பார்த்தார்கள், பேசாமல் பையைத் திறந்து கயிற்றை எடுத்தார்கள்.

மலையில் எங்கே கயிறு தேவை என்று கேட்டால் ஏணியையும் பனிச் சுவரையும்தான் எல்லாரும் சொல்வார்கள். பாறையில் கால் படும்வரை தேவை. முகவர்களிடம் பேசும்போது உச்சி வெற்றி விகிதத்தை மட்டும் கேட்காதீர்கள். எங்கே கட்டுவீர்கள், எங்கே அவிழ்ப்பீர்கள், பிளவிலிருந்து ஆளை எடுக்கும் பயிற்சி எத்தனை மணி நேரம், வழிகாட்டிக்குக் காப்பீடு எவ்வளவு என்று கேளுங்கள். நேரம் கிடைத்தால் வருவதற்கு முன்பே உத்தரகாசியிலோ, டென்சிங் முதல் களப் பயிற்சி இயக்குநராக இருந்த டார்ஜிலிங் மலையேற்ற நிறுவனத்திலோ அடிப்படைப் படிப்பை முடித்துவிட்டு வாருங்கள். நண்பனுக்கு முழங்கால் லேசாகப் பிசகியிருக்கிறது. அக்கா கட்டுப் போட்டுவிட்டு, இரண்டு நாளைக்குச் சுமை தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

சுக்குங் வந்ததும் அண்ணன் டீகூடக் குடிக்காமல் மற்ற லாட்ஜ்களுக்குப் போனார். அங்கிருந்த வழிகாட்டிகளைக் கூட்டி, ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் ஏணி எங்கே, தடம் எங்கே, ஓட்டை எங்கே என்று வரைந்து காட்டினார். அவர்களில் இருவர் இருட்டுவதற்குள் முகாமுக்குப் போய்விட வேண்டும் என்று கொடி கட்டிய மூங்கில் குச்சிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். இன்று இரவு ஏறும் குழுக்களை அந்த இடத்தில் முப்பது மீட்டர் இடப்பக்கமாக, பாறையை ஒட்டிக் கூட்டிப் போவதாகப் பேசி முடித்திருக்கிறார்கள்.